சுட்ட மாங்காயும் சுடுகிற ஊரும்

ஏப்ரல் மாதக் கடைசியில் ஹவுரா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வருபவருக்கு முதலில் தட்டுப்படுவது வெக்கைதான். பாலம் அப்புறம்தான். படியிறங்குவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எதிரே தள்ளுவண்டிகள். கண்ணாடி டம்ளர்களில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக நிறங்கள். எலுமிச்சம்பழங்கள் கோபுரமாக அடுக்கியிருக்கும். ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓர் ஐஸ் பாளம் படுத்திருக்கும். கடைக்காரர் சாக்கை விலக்கி, கட்டையால் நாலு தட்டுத் தட்டி, சில்லுகளை டம்ளரில் அள்ளிப் போடுவார். ஒரு நாளுக்கும் மேலாக ரயிலில் உட்கார்ந்து வந்த தமிழ்க் குடும்பத்துக்கு அந்தச் சத்தமே பாதித் தாகத்தைத் தீர்த்துவிடும். கை தானாகப் பர்ஸுக்குப் போகும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

'நாங்கள் பார்க்காத வெயிலா?' என்று வேலூர்க்காரர் கேட்கலாம். நியாயம்தான். கொல்கத்தாவில் 2024 ஏப்ரல் 30 அன்று 43 டிகிரி பதிவானபோது, 1954-க்குப் பிறகு இப்படி ஓர் ஏப்ரலைப் பார்த்ததில்லை என்று நகரமே பேசியது. வேலூருக்கு 43 டிகிரி செய்தியே அல்ல. ஆனால் வேலூர் வெயில் காய்ந்த வெயில். வியர்வை வந்ததும் உலர்ந்துவிடும்; உலரும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஹூக்ளி ஆற்றங்கரையில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை உலராது, வழியும். உடம்பு குளிராது. ஆனால் தண்ணீரும் உப்பும் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வெப்பமானி 37 காட்டும் நாளிலும் ஆளை உட்கார வைத்துவிடும் வெயில் இது. சென்னைக்காரருக்கு ஓரளவு புரியும்.

அதனால் ஹவுராவில் கோடை பானம் என்பது ஆடம்பர விஷயம் இல்லை. அதில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்பதில் இந்த ஊர் வீடுகளுக்கு நல்ல தெளிவு உண்டு. இருக்கக் கூடாதவற்றில் முதலிடம் அந்தச் சாக்குப் போர்த்திய ஐஸுக்கு.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது ஹவுராவின் மொத்த மீன் சந்தை. ஆந்திராவிலிருந்து லாரிகளில் வரும் மீன் இங்கேதான் இறங்குகிறது. மீன் இருக்கும் இடத்தில் ஐஸ் மலை மலையாக வேண்டும். மீன் மேல் கொட்டுவதற்கான ஐஸைக் குடிக்கிற தண்ணீரில்தான் செய்ய வேண்டும் என்ற அவசியம் இல்லை. பிரச்சினை என்னவென்றால், இரண்டு ஐஸும் பார்வைக்கு ஒன்று. இதற்காகவே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் ஓர் உத்தரவு போட்டது: சாப்பிடுவதற்கு அல்லாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும். நல்ல யோசனை. ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் சுத்தம் என்று அதற்கு அர்த்தமில்லை. குளிரில் கிருமி செத்துவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. சாகாது, உறைந்து தூங்கும். டம்ளரில் ஐஸ் கரையும்போது விழித்துக்கொள்ளும்.

வெளியூர்க்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே வங்காள வாக்கியம்: "தாதா, பொரொஃப் தேபேன் நா." அண்ணா, ஐஸ் போடாதீர்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். தண்ணீர் எங்கே பிடித்தது என்ற அடுத்த கேள்வியைக் கேட்டால் ஒருவேளை கோபித்துக்கொள்ளலாம்.

ஐஸ் மோகத்தைப் பொறுத்தவரை கொல்கத்தாவும் சென்னையும் ஒரே வியாபாரியிடம் மாட்டிக்கொண்ட ஊர்கள். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து பிரெடெரிக் டூடர் 1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பலில் சுமார் 180 டன் ஐஸ் ஏற்றி அனுப்பினார். மரத்தூள் போர்வையில் நாலு மாதம் கடல் தாண்டி, சுமார் 100 டன் கரையாமல் கொல்கத்தா வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் விழுந்தடித்துக்கொண்டு வாங்கினார்கள். சென்னை மெரினாவில் அவர் 1842-ல் கட்டிய ஐஸ் கிடங்குதான் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்று பஸ் நிறுத்தப் பெயராக வாழ்கிறது. பிற்பாடு அந்தக் கட்டடத்தில் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் தங்கிய சுவாமி விவேகானந்தர், அடுத்த ஆண்டு நிறுவிய பேலூர் மடம் இருப்பது இதே ஹவுராவில். மடத்துக்குப் போகிற தமிழர்களில் எத்தனை பேர் இந்தத் தொடர்பை நினைத்துப் பார்க்கிறார்களோ!

சரி, ஐஸ் இல்லாமல் தாகம் எப்படித் தீரும்? ஷிப்பூர், சால்கியா, கதம்தலா பக்கத்து வீடுகளில் அதற்கு ஒரே பதில்தான். ஆம் போரா ஷொர்பொத். ஆம் என்றால் மா. போரா என்றால் சுட்டது.

இந்தப் பானத்துக்கு மாங்காய் கொண்டுவந்து தருவது புயல். ஏப்ரல், மே மாதங்களில் பகல் முழுக்கப் புழுங்கிவிட்டு, மாலை நாலு மணி சுமாருக்கு வடமேற்கே வானம் கறுக்கும். கால்போய்ஷாகி என்பார்கள். அரை மணி நேரம் சூறைக் காற்றும் மழையும் அடித்து ஓயும். அதற்குள் மரத்திலிருக்கும் பிஞ்சும் காயும் பாதி தரைக்கு வந்துவிடும். காற்று ஓயும்வரை காத்திருக்கும் பொறுமை எந்தப் பிள்ளைக்கும் கிடையாது. மழையிலேயே பாவாடையிலும் சட்டையிலும் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். வங்காளக் கதைகளிலும் சினிமாவிலும் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், அது எல்லோருக்கும் நடந்தது என்பதுதான். ஹவுரா நகரத்துக்குள் இப்போது மாமரங்களைவிட அடுக்குமாடிகள் அதிகம். எனவே புயல் மாங்காய்க்குப் பதில் காளிபாபு பஜார் மாங்காய். அடிபட்ட காய்களைத் தனியாகக் குவித்து மலிவாகத் தருவார்கள். சுடுவதற்கு அது போதும்.

செய்முறையில் ரகசியம் எதுவும் இல்லை, பொறுமை மட்டும் வேண்டும். கொட்டை முற்றிய, புளிப்புள்ள மாங்காய் நடுத்தர அளவில் இரண்டு. கழுவித் துடைத்து, கத்தி முனையால் ஏழெட்டு இடத்தில் குத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் நெருப்பில் வெடிக்கும். முன்பெல்லாம் கரி அடுப்பின் தணலில் புதைத்து வைத்தார்கள். இப்போது கேஸ் அடுப்புதான். சுட்ட கத்தரிக்காய்த் துவையலுக்குச் சுடுவது போலவே, தீயில் நேராக வைத்து, திருப்பித் திருப்பி, தோல் முழுக்கக் கறுத்து, உள்ளே சதை குழையும்வரை. பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டுப் பாதியில் எடுத்தால் கொட்டையை ஒட்டிய சதை பச்சையாக நின்று பல் கூசும்.

ஆறியதும் தோலை உரிக்க வேண்டும். இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள். குழாய்த் தண்ணீரில் காட்டிக் கழுவினால் கறுப்பும் போகும், புகை வாசனையும் போகும். அந்த வாசனைக்காகத்தானே இவ்வளவு பாடு? கையால் உரித்தால் போதும். அங்கங்கே ஒரு கறுப்புத் துணுக்கு ஒட்டியிருந்தால் இருக்கட்டும். சதையைப் பிழிந்தெடுத்து, எட்டு மேஜைக் கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி கறுப்பு உப்பு, வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு தேக்கரண்டி சேர்த்து மசித்துக்கொள்ள வேண்டும். நாலு புதினா இலையும் ஒரு பச்சை மிளகாயும் விருப்பப்பட்டவர்களுக்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஐந்தாறு டம்ளர் வரும். வெளியே போய்வந்தவர் கேட்கும்போது உடனே கலக்க வசதியாக, தண்ணீர் சேர்க்காத விழுதைக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர்தான் இதில் முக்கியம். ஹவுரா குழாய்களில் வருவது கங்கை நீர். பத்மபுகூர் நிலையத்தில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். அங்கே சுத்தமாகக் கிளம்பும் தண்ணீர் வீட்டுக் குழாய்வரை அப்படியே வருமா என்பதற்கு எந்தப் பழைய ஊரிலும் உத்தரவாதம் கிடையாது. தளதளவென்று கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்த தண்ணீர் உத்தமம். குளிர்ச்சி வேண்டுமென்றால் அதையே தட்டில் ஊற்றி வீட்டிலேயே ஐஸ் செய்துகொள்ளலாம். மண் பானையே போதும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

சர்க்கரையோடு உப்பு ஏன்? ருசிக்கு என்றுதான் பாட்டிகள் சொல்வார்கள். காரணம் அதைவிடப் பெரியது. ஹவுராவின் இன்னொரு முகம் பெலிலியஸ் ரோட்டிலும் அதைச் சுற்றியும் தெரியும்: லேத் பட்டறைகள், வார்ப்பட ஆலைகள். கோவைக்காரர்களுக்கு ஃபவுண்டரி என்றால் விளக்க வேண்டியதில்லை. நியூயார்க் நகரத் தெருக்களின் சாக்கடை மூடிகளில் பல ஹவுராப் பகுதியில் வார்க்கப்பட்டவை என்பதை 2007-ல் அமெரிக்கப் பத்திரிகைகள் படத்தோடு எழுதின. சுமார் 1,400 டிகிரியில் உருகிய இரும்பைச் சுமந்து ஊற்றும் ஆட்கள், வெளியே 38 டிகிரி அடிக்கும் மே மாதத்திலும் அதே வேலையைச் செய்தாக வேண்டும். அப்படிப்பட்ட வேலையில் மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் வியர்வை போகலாம். போவது வெறும் தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். ஈடுகட்ட வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கித் தலைசுற்றும், தசை பிடித்துக்கொள்ளும். பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் இதற்கு வைத்திருக்கும் மருந்து சத்து. வறுத்த கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் எலுமிச்சையும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாகவே ஒரு சொம்பு குடித்துவிடுவார்கள். பழம் கிடையாது, அழகும் கிடையாது. வேலை செய்கிறது.

உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டியதும் வங்காள மண்தான். வங்கதேசப் போரின்போது, 1971-ல், எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே பங்காவ்ன் ஊரில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா என்று கலந்து, அதை டிரம்மில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே புகட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு, அவருடைய முகாமில் 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. குடல் சர்க்கரையை உறிஞ்சும்போது உப்பும் கூடவே போகிறது, உப்பைத் தொடர்ந்து தண்ணீர் போகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். அவர் 2022-ல் காலமானார். பத்ம விபூஷண் விருது அடுத்த ஆண்டுதான் வந்தது.

இதைப் படித்துவிட்டு வயிற்றுப்போக்குக்கு மாங்காய் ஷொர்பொத் கொடுத்துவிடக் கூடாது. அதில் சர்க்கரை மிக அதிகம், வயிற்றுப்போக்கை இன்னும் கூட்டும். அதற்கு மருந்துக் கடைப் பொட்டலம்தான் சரி. அவசரத்துக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். ஷொர்பொத் என்பது நல்ல உடம்போடு வெயிலில் அலைந்தவருக்கு. நீரிழிவுக்காரர்கள் சர்க்கரையைக் கைவிட்டு உப்பும் சீரகமும் மட்டும் போட்டுக் குடிக்கலாம். புளிப்பு தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த பானம் தமிழர்களை ஆச்சரியப்படுத்தும். ஹவுராவின் மேற்குப் பக்கம் ராம்ராஜாதலா என்றொரு பேட்டை. துர்கையும் காளியும் ஆளும் வங்காளத்தில் இங்கே ராமர்தான் ராஜா. ராமநவமியன்று தொடங்கும் பூஜை ஆடி, ஆவணி வரை நாலு மாதம் நீண்டு, சிராவண மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் சிலை நீரில் கரைக்கப்படும். ராமநவமி என்றால் தமிழ்நாட்டில் பானகமும் நீர்மோரும். வங்காளத்தில் வெயில் காலம் என்றால் பேலேர் பானா. பானா, பானகம் இரண்டும் ஒரே சமஸ்கிருதச் சொல்லின் பிள்ளைகள். நடுவில் இருக்கும் ஒடிசாவில் தமிழ்ப் புத்தாண்டு வரும் அதே நாளுக்குப் பெயரே பானா சங்கராந்தி. வெல்லமும் சுக்கும் தெற்கே. வடக்கே போகப் போக அந்த இடத்தைப் 'பேல்' பிடித்துக்கொள்கிறது.

பேல் என்பது நம் வில்வம். விளாம்பழம் அல்ல, ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துக் குழப்பிவிடுகிறார்கள். விளாவுக்கு வங்காளத்தில் கொத்பேல் என்று பெயர், அது உப்பும் மிளகாயும் போட்டுத் தின்பதற்கு. தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் வில்வ இலைக்கு இருக்கும் மரியாதை பழத்துக்கு இல்லை. அர்ச்சனைக்கு இலையைப் பறித்துக்கொண்டு பழத்தை நந்தவனத்தில் உருள விட்டுவிடுவோம். ஹவுராவில் இரண்டுக்கும் வாடிக்கையாளர் உண்டு. காலையில் இலை பூஜைக்கு, மதியம் பழம் டம்ளருக்கு.

நன்றாகப் பழுத்த வில்வத்தைத் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் ஓடு பிளக்கும். உள்ளே ஆரஞ்சு நிறச் சதை, மார்மலேடு போல மணக்கும். அதை வழித்து மூன்று டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கையால் கரைத்து, பெரிய கண் சல்லடையில் வடிகட்ட வேண்டும். மிக்ஸியில் மட்டும் போடக் கூடாது. விதை உடைந்தால் கசப்பு. விதையைச் சுற்றிய பசை வேறு எல்லாவற்றிலும் கலந்துவிடும். வடித்ததில் வெல்லமோ சர்க்கரையோ, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு கரண்டித் தயிர். தயிருக்குப் பதில் கொந்தோராஜ் எலுமிச்சையைப் பிழிகிறவர்களும் உண்டு. வயிற்றுக்கு நல்லது என்பது இரு மாநிலப் பாட்டிகளின் ஏகோபித்த கருத்து.

மிக்ஸிக்கு வேலையே இல்லையா? உண்டு. மே மாதக் கடைசியில் ஹிம்ஸாகர் மாம்பழம் வந்ததும் அதற்கு வாழ்வு. மால்தா, முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களிலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் மெச்சுவா பழச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து ஹவுராவுக்கு வரும் பழம். நாரே கிடையாது. வீட்டுத் தயிர் ஒரு கிண்ணம், இரண்டு பழத்தின் சதை, துளி உப்பு, ஒரு சுற்று. பெரிய கடைகளில் ஸ்மூத்தி என்று பெயர் சூட்டி உயரமான டம்ளரில் தருவது இதைத்தான். சர்க்கரையும் ஐஸ்கிரீமும் சேர்த்து மாம்பழத்தைக் கொன்றுவிடுவார்கள் என்பது மட்டும் வித்தியாசம். நுங்கும் இங்கே கிடைக்கிறது. தால் ஷான்ஷ் என்று கேட்க வேண்டும். தோல் நீக்கிய நுங்கை இளநீரோடு மிக்ஸியில் அரைச் சுற்று விட்டால், சர்க்கரையே வேண்டாம்.

செய்ய நேரமில்லாதவர்கள் ஆற்றைத் தாண்டலாம். ஹவுராவிலிருந்து மெட்ரோ 2024 மார்ச்சிலிருந்து ஹூக்ளிக்கு அடியில் ஓடுகிறது. ஆற்றின் கீழ் 520 மீட்டர், முக்கால் நிமிடத்தில் கடந்துவிடும். 2025 ஆகஸ்டிலிருந்து அதே ரயிலில் சியால்தாவரை போகலாம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் காலேஜ் ஸ்கொயர். அங்கே 'பாரமவுண்ட்' கடை 1918-லிருந்து ஷொர்பொத் மட்டுமே விற்கிறது. தொடங்கியவர் நிஹார் ரஞ்சன் மஜும்தார். ஷொர்பொத் கடை முன்னால், சுதந்திரப் போராட்டக்காரர்களின் சந்திப்பு பின்னால் என்று நடந்ததாகக் கடையின் வரலாறு சொல்கிறது. அங்கே பேர்போனது டாப் ஷொர்பொத், அதாவது இளநீர் ஷொர்பொத்; வழுக்கை மிதக்க வரும். அதன் செய்முறையைக் கொடுத்தவர் வேதியியல் மேதை ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் என்பது அந்தக் கடையின் பெருமை. மாணவர்கள் டீயையே குடித்துக் கெடுகிறார்களே என்று கவலைப்பட்ட மனிதர்.

ஊர் திரும்பும் தமிழர்கள் வழக்கமாக ரசகுல்லா டின்னோடுதான் ரயில் ஏறுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் கூடவே ஒரு பை கொந்தோராஜும் வாங்கிக்கொள்கிறார்கள். நீள்வாக்கில் இருக்கும் இந்த எலுமிச்சையில் சாறு குறைவு, வாசனை அதிகம். தோலை அழுத்தித் தேய்த்தால் கசந்துவிடும். கலக்கியதெல்லாம் கலக்கி முடித்தபின் கடைசியாக ஒரு வில்லையை மேலே பிழிந்தால் போதும். நீர்மோரிலும் போடலாம். ஒரு பழத்தை ரயிலில் நறுக்கினால் பெட்டி முழுக்க மணக்கும், கடக்பூர் தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக்காரர் அது என்ன பழம் என்று கேட்டுவிடுவார்.